கரிம வேதிவினை வகைகள் (நீலகிரி விளைபொருள்கள்)

கரிம வேதிவினைகள் என்பவை கார்பன் அணுக்களை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களில் பழைய பிணைப்புகள் முறிந்து புதிய பிணைப்புகள் உருவாகும் மாற்றங்கள் ஆகும். அறியப்பட்ட கரிமச் சேர்மங்கள் பல கோடி. ஆயினும் அவற்றில் நிகழும் வினைகளைச் சில வகைகளுக்குள் அடக்கிவிடலாம். அமில-கார வினை, பதிலீட்டு வினை, சேர்க்கை வினை, நீக்க வினை, ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும், எஸ்தராக்கலும் நீராற்பகுத்தலும், மூலக்கூறு இடமாற்ற வினை ஆகியவை முதன்மையான வகைகள் ஆகும்.

இக்கட்டுரை இவ்வகைகளைத் தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்ட விளைபொருள்களைக் கொண்டு விளக்குகிறது. கூடலூர் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், உதகமண்டலத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் செல்லும் சாலைகள் பிரியும் இடத்தில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரமே உள்ளதால் உதகமண்டலத்தைவிட வெப்பமானது. எனவே இங்கு தேயிலையுடன் காப்பி, மிளகு, ஏலக்காய், இஞ்சி ஆகியவையும் விளைகின்றன. உதகமண்டலம் செல்லும் மலைப்பாதையில் உள்ள நடுவட்டம் சிங்கோனா மரத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. மாவட்டத்தின் மேட்டுப் பகுதிகளில் யூக்கலிப்டஸ் மரங்கள் பரவலாக உள்ளன.

அடிப்படைக் கருத்துகள்

கார்பனின் இணைதிறன் நான்கு. அதாவது ஒரு கார்பன் அணு நான்கு சகப்பிணைப்புகளை ஏற்படுத்தும். கார்பன் அணுக்கள் தமக்குள் ஒற்றை, இரட்டை, முப்பிணைப்புகளால் இணைந்து சங்கிலிகளாகவும் வளையங்களாகவும் அமையக்கூடியவை. கரிமச் சேர்மங்களின் எண்ணிக்கை பெருகியிருப்பதற்கு இதுவே காரணம்.

கரிமச் சேர்மங்களை உயிரினங்கள் மட்டுமே உருவாக்க முடியும் என்ற கருத்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவியது. 1828-இல் பிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றார். உயிரற்ற உப்பு ஒன்றிலிருந்து சிறுநீரில் காணப்படும் சேர்மம் கிடைத்ததால் அக்கருத்து தளர்ந்தது. செடியில் உருவான காஃபீனும் ஆய்வகத்தில் தயாரித்த காஃபீனும் ஒரே பொருள்தான். "இயற்கைப் பொருள்", "வேதிப்பொருள்" என்ற பிரிவு மூலக்கூறு அளவில் இல்லை.

ஒரு மூலக்கூறின் கார்பன் சட்டகம் பெரும்பாலும் வினைகளில் பங்கேற்பதில்லை. சட்டகத்தில் பொருந்தியுள்ள குறிப்பிட்ட அணுத்தொகுப்பே வினைகளைத் தீர்மானிக்கிறது. இது வினைசெயல் தொகுதி எனப்படும். கீழ்க்காண்பவை சில:

• ஹைட்ராக்சில் தொகுதி (ஆல்கஹால்): ஜெரானியால் (தேயிலையின் நறுமணம்)
• பீனால் தொகுதி, அதாவது பென்சீன் வளையத்தில் நேரடியாக இணைந்த ஹைட்ராக்சில்: கேட்டச்சின்கள் (தேயிலை)
• ஈதர் தொகுதி: சினியோல் (யூக்கலிப்டஸ்)
• கீட்டோன் தொகுதி: ஜிஞ்சரால் (இஞ்சி)
• எஸ்தர் தொகுதி: மீத்தைல் சாலிசிலேட்டு (விண்டர்கிரீன்)
• அமைடு தொகுதி: பைப்பரின் (மிளகு)
• அமீன் தொகுதி: குயினைன் (சிங்கோனா)

மாற்றியம்

மூலக்கூறு வாய்பாடு ஒன்றாகவும் அணுக்கள் இணைந்துள்ள முறை வேறாகவும் உள்ள சேர்மங்கள் மாற்றியங்கள் எனப்படும். 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்ற ஒரே வாய்பாடு கொண்ட நான்கு சேர்மங்களை நீலகிரியிலேயே காணலாம்.

• 1,8-சினியோல்: நீலகிரித் தைலத்தின் முதன்மைச் சேர்மம். ஏலக்காயிலும் உண்டு. இது ஒரு வளைய ஈதர்.
• ஆல்ஃபா-டெர்பினியால்: ஏலக்காய் எண்ணெயில் பெரும்பாலும் அசிட்டேட்டு எஸ்தராகக் காணப்படுகிறது. இது ஒரு வளைய ஆல்கஹால்.
• லினலூல்: தேயிலையின் நறுமணச் சேர்மங்களுள் ஒன்று. வளையம் இல்லாத ஆல்கஹால்.
• ஜெரானியால்: இதுவும் தேயிலையில் உள்ளது. ரோசா மணம் தரும் ஆல்கஹால்.

சினியோல் ஏறத்தாழ 177° செல்சியஸில் கொதிக்கிறது. ஜெரானியாலின் கொதிநிலை ஏறத்தாழ 230°. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஜெரானியாலின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் ஈர்க்கின்றன. சினியோலில் ஹைட்ராக்சில் இல்லாததால் அதற்கு அத்தகைய ஈர்ப்பு இல்லை. எனவே அது எளிதில் ஆவியாகிறது.

அணுக்கள் ஒரே வரிசையில் இணைந்திருந்தும் வெளியில் அவை நோக்கும் திசை மாறுபட்டால் அவை முப்பரிமாண மாற்றியங்கள் எனப்படும். சிங்கோனா மரப்பட்டையில் உள்ள குயினைனும் குயினிடினும் இவ்வகையைச் சேர்ந்தவை. குயினைன் மலேரியா மருந்தாகவும் குயினிடின் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான மருந்தாகவும் பயன்பட்டன.

வாய்பாடும் அமைப்பும்: குயினைனின் வரலாறு

மூலக்கூறு வாய்பாட்டை மட்டும் அறிந்தால் ஒரு பொருளைச் செய்துவிட முடியுமா என்ற கேள்விக்குக் குயினைனின் வரலாறு விடை தருகிறது. 1820-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பெல்லத்தியே, காவந்தூ ஆகிய இருவரும் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். அப்போது மலேரியாவுக்கு இதற்கு நிகரான மருந்து வேறு இல்லை. மரமோ தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலைகளில் மட்டுமே வளர்ந்தது.

கிளமென்ட்சு மார்க்கம் தலைமையிலான குழு தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா 1860-இல் நீலகிரியில் நடப்பட்டது. உதகமண்டலம் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் மெக்ஐவர் இதற்குப் பொறுப்பேற்றார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் அமைந்தன. 1866-இல் ஜான் புரோட்டன் என்ற வேதியியலர் பட்டைகளைப் பகுப்பாய்வு செய்வதற்காக நியமிக்கப்பட்டார். பட்டையில் உள்ள குயினைனின் அளவு மரத்தின் இனத்தைப் பொறுத்துப் பெரிதும் வேறுபட்டதால் அப்பகுப்பாய்வு தேவைப்பட்டது.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1856-இல், இலண்டனில் 18 வயது மாணவரான வில்லியம் பெர்க்கின் குயினைனை ஆய்வகத்தில் செய்ய முயன்றார். குயினைனின் வாய்பாடு 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். 10 கார்பன், 13 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன் கொண்ட அல்லைல் டொலுயிடினின் இரு மூலக்கூறுகளுடன் மூன்று ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்து ஒரு நீர் மூலக்கூறை நீக்கினால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் கிடைத்தது செம்பழுப்பு நிற வீழ்படிவு மட்டுமே. அதே சோதனையை அனிலினைக் கொண்டு செய்தபோது மாவ் என்னும் ஊதாச் சாயம் கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது.

பெர்க்கினின் கணக்கில் பிழை இல்லை. அணுக்கள் எவ்வாறு இணைந்துள்ளன என்பது அப்போது எவருக்கும் தெரியாது என்பதே தோல்விக்குக் காரணம். குயினைனில் குயினோலின் வளையம், குயினுக்ளிடின் வளையம், ஒரு ஹைட்ராக்சில், ஒரு மீத்தாக்சி, ஒரு வினைல் தொகுதி ஆகியவை உள்ளன. இவ்வமைப்பை 1908-இல் பால் ராபே முன்வைத்தார். 1944-இல்தான் உட்வர்டும் டோரிங்கும் குயினைனுக்கு இட்டுச்செல்லும் தொகுப்புமுறையை வெளியிட்டனர்.

வினைகள் நிகழும் முறை

பெரும்பாலான கரிம வினைகளில் எலக்ட்ரான் மிகுந்த இடம் எலக்ட்ரான் குறைந்த இடத்தைத் தாக்குகிறது. எலக்ட்ரான் இணையை வழங்கும் பொருள் கருக்கவர் பொருள் எனப்படும். நீர், அம்மோனியா, ஹைட்ராக்சைடு அயனி ஆகியவை எடுத்துக்காட்டுகள். எலக்ட்ரான் இணையை ஏற்கும் பொருள் எலக்ட்ரான் கவர் பொருள் எனப்படும். ஹைட்ரஜன் அயனி, நைட்ரோனியம் அயனி ஆகியவை எடுத்துக்காட்டுகள். பிணைப்பு முறியும்போது இரு எலக்ட்ரான்களும் ஒரே அணுவுடன் சென்றால் அயனிகள் தோன்றும். ஆளுக்கொன்றாகப் பிரிந்தால் தனி உறுப்புகள் தோன்றும்.

ஒரு வினையை அடையாளம் காண இரு கேள்விகள் போதும். எந்தப் பிணைப்பு முறிந்தது? எந்தப் பிணைப்பு உருவானது? கீழே உள்ள வகைகள் அனைத்தும் இக்கேள்விகளுக்கான விடைகளே.

வினை வகைகள்

அமில-கார வினை

ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்கு ஹைட்ரஜன் அயனி மாறுவது அமில-கார வினை ஆகும். குயினைனின் அமீன் நைட்ரஜனில் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணை உள்ளது. எனவே குயினைன் ஒரு காரம். அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். அமிலத்துடன் சேர்ந்தால் உப்பாக மாறிக் கரையும். கரைசலில் எரிசோடாவைச் சேர்த்தால் குயினைன் மீண்டும் வீழ்படிவாகும். பட்டையிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுக்கும் முறைகள் இம்மாற்றத்தையே பயன்படுத்துகின்றன.

பால் சேர்க்காத தேநீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நிறம் வெளிறுவதும் இவ்வகை வினையே. தேநீரின் நிறப்பொருள்கள் வலிமை குறைந்த அமிலங்கள். அவை ஹைட்ரஜன் அயனியை இழந்த நிலையில் அடர்நிறம் கொண்டவை. சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் அந்த அயனியைத் திருப்பி அளிப்பதால் நிறம் குறைகிறது.

பதிலீட்டு வினை

ஓர் அணு அல்லது தொகுதி வெளியேறி அதன் இடத்தில் மற்றொன்று அமைவது பதிலீட்டு வினை ஆகும். தேயிலைச் செடி தியோபுரோமினைக் காஃபீனாக மாற்றுவது இவ்வகையைச் சேர்ந்தது. தியோபுரோமினின் நைட்ரஜன் கருக்கவர் பொருளாகச் செயல்பட்டு எஸ்-அடினோசைல் மெத்தியோனின் என்ற சேர்மத்திடமிருந்து ஒரு மீத்தைல் தொகுதியைப் பெறுகிறது. நைட்ரஜனில் முன்பிருந்த ஹைட்ரஜன் வெளியேறுகிறது. ஆய்வகத்தில் இதே மாற்றத்தை மீத்தைல் அயோடைடைக் கொண்டு செய்யலாம். அப்போது அயோடைடு அயனி வெளியேறும்.

பென்சீன் வளையத்தில் பெரும்பாலும் எலக்ட்ரான் கவர் பொருள்களே பதிலீடு செய்கின்றன. பீனாலுடன் புரோமின் நீரைச் சேர்த்தால் மூன்று ஹைட்ரஜன்கள் புரோமினால் பதிலீடு செய்யப்பட்டு வெண்ணிற டிரைபுரோமோபீனால் வீழ்படிவாகிறது. பள்ளி ஆய்வகங்களில் பீனாலைக் கண்டறிய இச்சோதனை பயன்படுகிறது.

சேர்க்கை வினை

இரட்டைப் பிணைப்பு அல்லது முப்பிணைப்பு திறந்து இரு புறமும் புதிய அணுக்கள் இணைவது சேர்க்கை வினை ஆகும். எதுவும் வெளியேறுவதில்லை. குயினைனின் வினைல் தொகுதியில் வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் டைஹைட்ரோகுயினைன் கிடைக்கிறது. ஜெரானியாலும் லினலூலும் புரோமின் நீரின் நிறத்தைப் போக்குவதற்கு அவற்றில் உள்ள இரட்டைப் பிணைப்புகளே காரணம்.

நீக்க வினை

அடுத்தடுத்த இரு கார்பன்களிலிருந்து சிறு மூலக்கூறு ஒன்று வெளியேறி இரட்டைப் பிணைப்பு தோன்றுவது நீக்க வினை ஆகும். இது சேர்க்கை வினைக்கு நேர் எதிரானது.

இஞ்சி சுக்காக மாறும்போது இவ்வினை நிகழ்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்கு 6-ஜிஞ்சரால் முதன்மைக் காரணம். அதில் ஒரு கீட்டோன் தொகுதியும், அதிலிருந்து இரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் உள்ளன. இடையில் உள்ள கார்பனின் ஹைட்ரஜன் கீட்டோனின் அருகாமையால் எளிதில் பிரியக்கூடியது. இஞ்சி உலரும்போதும் சூடாகும்போதும் அந்த ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் சேர்ந்து நீராக வெளியேறுகின்றன. கிடைப்பது 6-சோகோல். இப்பெயர் இஞ்சியைக் குறிக்கும் சப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. சோகோல் ஜிஞ்சராலைவிடக் காரமானது. எனவே சுக்கு, இஞ்சியில் உள்ள நீர் மட்டும் வற்றிய பொருள் அன்று. மூலக்கூறின் உள்ளிருந்தும் நீர் நீங்கிய வேறொரு சேர்மத்தைக் கொண்ட பொருள்.

இஞ்சியைச் சமைக்கும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி வேறு வழியிலும் உடைகிறது. கார்பன்-கார்பன் பிணைப்பு முறிந்து ஜிஞ்சரோனும் ஹெக்சனாலும் கிடைக்கின்றன. ஜிஞ்சரோனின் காரம் குறைவு. சமைத்த இஞ்சி பச்சை இஞ்சியைவிட மென்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எஸ்தராக்கலும் நீராற்பகுத்தலும்

ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து நீரை வெளியேற்றி எஸ்தரைத் தருவது எஸ்தராக்கல் ஆகும். நீர் சேர்ந்து எஸ்தர், அமைடு முதலியவை பிளவுறுவது நீராற்பகுத்தல் ஆகும்.

நீலகிரியின் சோலைக் காடுகளை ஒட்டி வளரும் கோல்தேரியா என்ற புதர்ச்செடியிலிருந்து விண்டர்கிரீன் எண்ணெய் வடிக்கப்படுகிறது. இது மூட்டு வலிக்குப் பூசப்படுகிறது. இதன் பெரும்பகுதி மீத்தைல் சாலிசிலேட்டு. எரிசோடாக் கரைசலுடன் கொதிக்கவைத்தால் இந்த எஸ்தர் சோடியம் சாலிசிலேட்டாகவும் மெத்தனாலாகவும் பிளவுறும். கரைசலில் அமிலத்தைச் சேர்த்தால் சாலிசிலிக் அமிலம் படிகமாகும். அதை மேலும் சூடாக்கினால் கார்பன் டைஆக்சைடு நீங்கிப் பீனால் கிடைக்கும்.

மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் ஓர் அமைடு. காரத்துடன் நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் பைப்பரிக் அமிலத்தின் உப்பும் பைப்பரிடினும் கிடைக்கும். இரண்டிலும் மிளகின் காரம் இல்லை. அமைடுகள் எஸ்தர்களைவிட மெதுவாகவே நீராற்பகுப்படைகின்றன. மிளகு குழம்பில் கொதித்த பின்னும் காரம் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

குன்னூரை அடுத்த அரவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 2021 முதல் இது மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. கார்டைட் என்பது நைட்ரோசெல்லுலோசும் நைட்ரோகிளிசரினும் அடங்கிய வெடிபொருள். பருத்தியிலுள்ள செல்லுலோசின் ஒவ்வொரு குளுக்கோசு அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் இவை நைட்ரேட்டு எஸ்தர்களாகின்றன. இதே ஹைட்ராக்சில்களை அசிட்டிக் நீரிலியைக் கொண்டு அசிட்டேட்டு எஸ்தர்களாக்கினால் எளிதில் தீப்பற்றாத செல்லுலோசு அசிட்டேட்டு கிடைக்கிறது. தொடக்ககாலத் திரைப்படச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை என்பதால் தீ விபத்துகள் நேர்ந்தன. பின்னர் அசிட்டேட்டு அவற்றின் இடத்தைப் பிடித்தது. சட்டகம் ஒன்று, வினை வகை ஒன்று, அமிலம் மட்டுமே வேறு.

மூலக்கூறு இடமாற்ற வினை

அணுக்கள் கூடாமலும் குறையாமலும் மூலக்கூறின் உள்ளேயே பிணைப்புகள் மாறி அமைவது இடமாற்ற வினை ஆகும். 1853-இல் லூயி பாஸ்டர் குயினைனை அமிலத்துடன் சூடாக்கிக் குயினிசின் என்ற மாற்றியத்தைப் பெற்றார். இது குயினோடாக்சின் என்றும் அழைக்கப்படுகிறது. இதில் ஒரு வளையம் திறந்து, ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் கீட்டோன் தோன்றியிருக்கும். 1944-இல் உட்வர்டும் டோரிங்கும் சென்றடைந்த சேர்மம் இதுவே. இதிலிருந்து குயினைனை மீண்டும் பெறும் வழியை ராபே 1918-இலேயே வெளியிட்டிருந்தார்.

ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும்

கரிம வேதியியலில் ஆக்சிஜன் சேர்வதும் ஹைட்ரஜன் நீங்குவதும் ஆக்சிஜனேற்றம் எனப்படும். இதன் எதிர்மாறு ஒடுக்கம் ஆகும். முன்னர்க் கூறிய டைஹைட்ரோகுயினைன் உருவாதல் சேர்க்கை வினையாகவும் ஒடுக்கமாகவும் கருதப்படும். ஒரே வினை இரு வகைகளில் அடங்குவது இயல்பே.

ஆக்சிஜனேற்றத்துக்கு நீலகிரியில் நாள்தோறும் நிகழும் எடுத்துக்காட்டு தேயிலைத் தயாரிப்பு ஆகும்.

தேயிலை ஆலையில் வினைகளின் வரிசை

பசுந்தேயிலையின் உலர் எடையில் 30 விழுக்காடு வரை பாலிபீனால்கள் இருக்கலாம். இவற்றுள் கேட்டச்சின்களே பெரும்பகுதி. இவை நிறமற்றவை, துவர்ப்பானவை. கேட்டச்சின்கள் இலைச் செல்லின் குமிழறையில் உள்ளன. அவற்றை ஆக்சிஜனேற்றும் பாலிபீனால் ஆக்சிடேசு என்ற நொதி பசுங்கணிகத்தில் உள்ளது. இரண்டுக்கும் இடையே சவ்வுகள் உள்ள வரை இலை பச்சையாகவே இருக்கும்.

1. வாட்டுதல்: கொழுந்து நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டுக் காற்று செலுத்தப்படுகிறது. பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் வரை ஆகும். இலையின் ஈரம் குறைந்து துவள்கிறது.
2. நசுக்குதல்: சி.டி.சி. முறையில் பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே இலை நசுக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்படுகிறது. சவ்வுகள் உடைந்து கேட்டச்சின்களும் நொதியும் கலக்கின்றன.
3. ஆக்சிஜனேற்றம்: நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு கேட்டச்சினின் அடுத்தடுத்துள்ள இரு பீனால் ஹைட்ராக்சில்களிலிருந்து ஹைட்ரஜனை நீக்குகிறது. கிடைக்கும் குயினோன் மிகுந்த வினைத்திறன் கொண்டது. இரு வேறு கேட்டச்சின்களின் குயினோன்கள் இணைந்து, கார்பன் டைஆக்சைடு ஒன்றை இழந்து, தியாஃபிளேவின் என்ற செம்மஞ்சள் நிறப்பொருளாகின்றன. மேலும் ஆக்சிஜனேற்றமும் இணைப்பும் தொடர்ந்தால் தியாரூபிஜின்கள் என்ற செம்பழுப்பு நிறப்பொருள்கள் கிடைக்கின்றன.
4. உலர்த்துதல்: வெப்பக் காற்றால் நொதி செயலிழக்கிறது. ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காடாகக் குறைகிறது. வினை நிற்கிறது.

செல்கள் உடையும்போது மற்றொரு வினையும் நிகழ்கிறது. லினலூலும் ஜெரானியாலும் இலையில் சர்க்கரையுடன் பிணைந்த நிலையில் மணமின்றி இருக்கின்றன. வேறொரு நொதி அப்பிணைப்பை நீராற்பகுக்கும்போது அவை விடுபட்டு மணம் எழுகிறது. காஃபீன் இவ்வினைகளில் பெரிதாக மாறுவதில்லை. பசுமைத் தேநீர் தயாரிக்க, இலையைத் தொடக்கத்திலேயே நீராவியாலோ சூடான கலத்தாலோ சூடாக்கி நொதியை அழிக்கின்றனர். எனவே கேட்டச்சின்கள் அப்படியே நிற்கின்றன.

தியாஃபிளேவின் தேநீருக்குப் பளபளப்பையும் சுறுசுறுப்பான சுவையையும் தருகிறது. தியாரூபிஜின் நிறத்தையும் அடர்த்தியையும் தருகிறது. வினை முன்னதாக நின்றால் தேநீர் பச்சை வாடையுடன் இருக்கும். நெடுநேரம் தொடர்ந்தால் தியாஃபிளேவின் குறைந்து சுவை மந்தமாகும். இதனால் நேரமும் வெப்பநிலையும் கவனமாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன.

விவசாயிகளுக்கு இதன் முக்கியத்துவம்

நீலகிரியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் பசுந்தேயிலையைப் பறித்து ஆலைகளுக்கு விற்கின்றனர். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் (டான்டீ) தோட்டங்களும் உள்ளன. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை அளிப்பதற்காக 1968-இல் தொடங்கிய அரசுத் திட்டம் 1976-இல் இக்கழகமாக மாறியது.

ஆக்சிஜனேற்றம் ஆலையில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சவ்வு எங்கு உடைகிறதோ அங்கு தொடங்கும். பறித்த கொழுந்தைச் சாக்கில் அழுத்தி அடைத்தாலும், வண்டியில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இலை நசுங்கும். இலை பறித்த பின்னும் சுவாசிப்பதால் மூட்டையின் உள்ளே வெப்பம் உயரும். இவ்விரண்டும் சேர்ந்து ஆலையை அடையும் முன்பே இலை சிவந்துவிடும். அதிலிருந்து பளபளப்பான தேநீரைப் பெற முடியாது. முற்றிய இலைகளில் கேட்டச்சின்களும் காஃபீனும் குறைவு என்பதால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிப்பது வலியுறுத்தப்படுகிறது. தூளின் தரம் ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கிறது. அவ்விலை விவசாயிக்குக் கிடைக்கும் பசுந்தேயிலை விலையைப் பாதிக்கிறது.

தரம் குறைந்த தூளுக்கு நிறம் ஊட்டச் செயற்கைச் சாயம் கலப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம் ஆகும். இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. வடிதாளில் சிறிது தேயிலைத் தூளைத் தூவிக் குளிர்ந்த நீரைத் தெளிக்க வேண்டும். சாயம் கலந்திருந்தால் தாளில் உடனே நிறக் கறை படியும். தேயிலையின் நிறப்பொருள்கள் இலைத் துணுக்குகளிலிருந்து குளிர்ந்த நீரில் மெதுவாகவே வெளிவரும். தூளின் மேற்பரப்பில் பூசப்பட்ட, நீரில் எளிதில் கரையும் சாயம் உடனே கரைந்துவிடும்.

பெயர்களால் ஏற்படும் குழப்பங்கள்

வேதியியல் பெயர்களுள் சில, அமைப்பு அறியப்படும் முன்னரே இடப்பட்டவை. எனவே பெயரைக் கொண்டு வினையை ஊகிப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

• யூக்கலிப்டால் (சினியோல்): பெயர் ஆல்கஹாலைப் போல முடிந்தாலும் இது ஈதர். ஹைட்ராக்சில் இல்லாததால் எஸ்தராக்கல் நிகழாது.
• நைட்ரோசெல்லுலோசு: நைட்ரோ சேர்மம் அன்று, நைட்ரிக் அமிலத்தின் எஸ்தர். எனவே நீராற்பகுப்படையும்.
• கார்பாலிக் அமிலம்: பீனாலின் பழைய பெயர். இதில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி இல்லை.
• தேயிலை நொதித்தல்: ஆலைகளில் வழங்கும் சொல். மாவு புளிப்பதைப் போல நுண்ணுயிர்களால் நிகழ்வது அன்று. இலையின் சொந்த நொதியால் நிகழும் ஆக்சிஜனேற்றம்.

சுருக்கம்

• அமில-காரம்: ஹைட்ரஜன் அயனி இடம் மாறும். குயினைன் உப்பாதல், எலுமிச்சைத் தேநீர்.
• பதிலீடு: ஒன்று வெளியேறி மற்றொன்று அமையும். தியோபுரோமின் காஃபீனாதல்.
• சேர்க்கை: இரட்டைப் பிணைப்பு திறக்கும். குயினைன் டைஹைட்ரோகுயினைனாதல்.
• நீக்கம்: இரட்டைப் பிணைப்பு தோன்றும். இஞ்சியின் ஜிஞ்சரால் சுக்கின் சோகோலாதல்.
• எஸ்தராக்கல்: நீர் வெளியேறும். பருத்தி வெடிபஞ்சாதல்.
• நீராற்பகுத்தல்: நீர் சேர்ந்து பிளவுறும். தேயிலையில் லினலூல் விடுபடுதல், விண்டர்கிரீன் எண்ணெயிலிருந்து சாலிசிலிக் அமிலம்.
• இடமாற்றம்: வாய்பாடு மாறாது, அமைப்பு மாறும். குயினைன் குயினிசினாதல்.
• ஆக்சிஜனேற்றம்: ஹைட்ரஜன் நீங்கும் அல்லது ஆக்சிஜன் சேரும். பசுந்தேயிலை கறுப்புத் தேயிலையாதல்.